பஞ்சிங் பேக் பயிற்சியில் கைகளைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனமான குத்துப்பையில் பயிற்சியைத் தொடங்கிய பலர் பாதியில் விட்டுவிடுவதற்கு மூச்சு வாங்குவது காரணமல்ல. காலையில் எழுந்தால் கையை மடக்க முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை, வண்டியின் ஆக்சிலேட்டரைத் திருக முடியவில்லை. 'நமக்கு இது ஒத்துவராது' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த வலியில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்பதால்தான் இந்தப் பக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையைக் காப்பதில் முதலிடம் மணிக்கட்டு நேராக நிற்பதற்கு. அடுத்தது கட்டுத்துணி, அதாவது கையுறைக்கு உள்ளே கையைச் சுற்றிக் கட்டும் நீளத் துணி. அதன்பின் பைக்குள் என்ன இருக்கிறது என்பது. கையுறை கடைசி. கடைக்குப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விலை உயர்ந்த கையுறையை வாங்கிவிட்டு, மற்ற மூன்றையும் மறந்துவிடுகிறார்கள்.

நல்ல கையுறை போட்டுக்கொண்டுதான் குத்துகிறேன். பிறகு கைக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

கையுறை முட்டியின், அதாவது விரல் தொடங்கும் இடத்தில் புடைத்து நிற்கும் கணுவின், தோலைக் காக்கும். மோதலின் வேகத்தை ஓரளவு உள்வாங்கும். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவதை அரைகுறையாகச் செய்யும். உள்ளே இருக்கும் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் வேலை அதனால் ஆகாது.

ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இத்தனையையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பவை மெல்லிய தசைநார்கள். பிடிக்கவும் பின்னவும் எழுதவும் அமைந்த உறுப்பு இது. 30, 40 கிலோ எடையுள்ள பையின் மீது நூற்றுக்கணக்கான முறை மோதினால் தாங்கும். ஆனால் எலும்புகள் ஒரே நேர்க்கோட்டில், இறுக்கமாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் தாங்கும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1740களில் இங்கிலாந்தில் ஜாக் பிராட்டன் என்ற குத்துச்சண்டை வீரர், தன்னிடம் கற்றுக்கொள்ள வந்த கனவான்களுக்குப் பஞ்சு வைத்த உறைகளை அணிவித்தார். அவர்கள் முகம் வீங்கி வீடு திரும்பக் கூடாது என்பதே அவருடைய கவலை. கையுறையைக் கட்டாயமாக்கிய குயின்ஸ்பரி விதிகள் வந்தது 1867இல். ஆக, அடிக்கிறவரின் கையைக் காக்க மட்டுமே பிறந்த பொருள் அல்ல அது.

முஷ்டியை எப்படி மடக்க வேண்டும்? எந்த முட்டி பையில் பட வேண்டும்?

நான்கு விரல்களையும் நுனியிலிருந்து உள்ளுக்குச் சுருட்டுங்கள். நுனிகள் உள்ளங்கையில் அழுந்த வேண்டும். நடுவில் காற்றுப் புகும் பொந்து இருக்கக் கூடாது. கட்டைவிரல் வெளியே வந்து, சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நடுக்கணுக்கள் மேல் குறுக்காகப் படிய வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் புதைப்பது ஆபத்து. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது அதைவிட ஆபத்து: பையில் மாட்டிப் பின்னுக்கு மடங்கும்.

பட வேண்டியவை சுட்டுவிரல் முட்டியும் நடுவிரல் முட்டியும். இந்த இரண்டு விரல்களுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் பிணைந்திருக்கின்றன. குத்தின் விசை அவற்றின் வழியாக நேராக முன்கைக்குப் போய்விடும். மோதிரவிரல், சுண்டுவிரல் எலும்புகள் அடியில் அசைபவை; ஒல்லியானவை. கையைக் குவித்துத் தண்ணீர் அள்ளும்போது உள்ளங்கையின் அந்த ஓரம் உள்ளே வளைவதைப் பார்த்தால் புரியும். முறையாகக் கற்காதவர்கள் ஆவேசத்தில் எதையாவது குத்தும்போது, சுண்டுவிரல் முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பு உடைவது இதனால்தான். மருத்துவர்கள் இதற்கு 'பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் தேர்ந்த குத்துச்சண்டை வீரர்களைவிடச் சுவரைக் குத்தியவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

ஜாக் டெம்ப்சி போன்ற பழைய தலைமுறை வீரர்கள் கடைசி மூன்று முட்டிகளால் குத்தச் சொன்னதும் உண்டு. அவர்கள் முன்கை எலும்புகளின் கோட்டை வேறு விதமாகக் கணக்கிட்டார்கள். புதிதாகப் பையைத் தொடுகிறவர் முதல் இரண்டு முட்டிகளோடு நிற்பதே நல்லது.

முட்டி வலிக்கவில்லை, மணிக்கட்டுதான் வலிக்கிறது. எதனால்?

மோதும் நொடியில் மணிக்கட்டு மடிகிறது. வேறு காரணம் அநேகமாக இருக்காது. அது ஏன் மடிகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. கட்டுத்துணியும் கையுறையும் இல்லாமல் முஷ்டியைப் பையின் மீது வையுங்கள், குத்த வேண்டாம். அப்படியே உடல் எடையை மெதுவாக அதன் மேல் சாய்த்து, பையை முன்னால் தள்ளுங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே பலகைபோல நேராக இருக்கின்றனவா, அல்லது மணிக்கட்டு கீழ்ப்பக்கமாக மடிந்து உள்ளங்கை உங்களைப் பார்க்கத் திரும்புகிறதா? திரும்பினால், முழு வேகத்தில் குத்தும்போது நடப்பதும் அதேதான். வேகத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. இந்த நிலையில் கையை நேராக்கி, பத்து முறை மெதுவாகத் தள்ளிப் பழகுங்கள். அந்த நேர்கோடு கைக்குப் பழகியபின் குத்துக்குப் போகலாம்.

அடுத்தது தூரம். பைக்கு மிக நெருங்கி நின்றால் கை முழுமையாக நீளும் முன்பே மோதிவிடும். மிகத் தள்ளி நின்றால் எட்டிப் பிடிக்கப் போய் முட்டிக்குப் பதில் விரல் கணுக்கள் படும்.

மூன்றாவது, பையின் ஊசலாட்டம். தன்னை நோக்கி வேகமாக வரும் பையை எதிர்கொண்டு ஓங்கிக் குத்துவது பலருக்குப் பெருமை. பையின் எடையும் உங்கள் எடையும் எதிரெதிராக வந்து மணிக்கட்டில் சந்திக்கும். பை நின்றிருக்கும்போதோ உங்களிடமிருந்து விலகத் தொடங்கும்போதோ குத்துங்கள். வந்துகொண்டிருந்தால் ஒரு காலடி பக்கவாட்டில் நகருங்கள். அதுவும் பயிற்சிதான். ஒவ்வொரு குத்திலும் பை வெகுதூரம் ஆடுகிறது என்றால் நீங்கள் குத்தவில்லை, தள்ளுகிறீர்கள். படீரென்று பட்டுச் சட்டென்று திரும்பும் கைதான் பையை ஆட்டாமல் குலுக்கும்.

நான்காவது, ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வளைத்து அடிக்கும் குத்து. மணிக்கட்டைக் கெடுப்பதில் இதற்கு இணை கிடையாது. நேர்க்குத்தில் விசை கையின் நீளவாக்கில் போகிறது; ஹூக்கில் முன்கை பைக்குக் குறுக்காக வருகிறது. முழங்கை முஷ்டியின் உயரத்துக்கு எழாமல் கீழே தொங்கினாலும், முஷ்டி முழங்கையை முந்திக்கொண்டு வளைந்தாலும், பையில் படுவது முட்டி அல்ல. விரல்களின் பக்கவாட்டுப் பகுதியோ கட்டைவிரலோதான். ஹூக்கைப் பாதி வேகத்தில்கூட அல்ல, கால்வாசி வேகத்தில் பல நாள் அடித்துப் பழகுங்கள். உள்ளங்கை உங்களைப் பார்க்க வேண்டுமா, தரையைப் பார்க்க வேண்டுமா என்பதில் பயிற்சியாளர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. இரண்டுமே சரிதான், மணிக்கட்டு எதில் நேராக நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, களைப்பு. முதல் ரவுண்டில் இறுக மூடியிருக்கும் முஷ்டி கடைசி ரவுண்டில் தளர்ந்திருக்கும். காயம் வருவது பெரும்பாலும் 'இன்னும் ஒரு நிமிடம்' என்று இழுத்துப் பிடிக்கும் அந்த நேரத்தில்.

கட்டுத்துணி கட்டாயமா? எவ்வளவு நீளம் வாங்க வேண்டும்?

கட்டாயம். கையுறை இல்லாமல் கட்டுத்துணியோடு மெதுவாகக் குத்துவதை ஒரு நாள் மன்னிக்கலாம். கட்டுத்துணி இல்லாமல் வெறும் கையுறையோடு ஓங்கிக் குத்துவதை மன்னிக்க முடியாது.

பயிற்சிக் கூடங்களில் இதைப் பேண்டேஜ் என்றே சொல்வார்கள். கடைகளில் 108, 120, 180 அங்குல நீளங்களில் கிடைக்கும். பெரியவர்கள் 180 அங்குலம், அதாவது சுமார் நாலரை மீட்டர் வாங்குவது நல்லது. அமெச்சூர் போட்டிகளிலும் நாலரை மீட்டர்தான் மேல் வரம்பாக இருந்து வந்திருக்கிறது. கை சிறியதாக இருப்பவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 120 போதும். முழுப் பருத்தித் துணி நெடுநாள் உழைக்கும், ஆனால் கையின் வளைவுகளுக்கு முழுவதும் படியாது. சிறிது இழுபடும் வகை நன்றாகப் படியும். அதை இழுத்து இழுத்துக் கட்டினால் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். புதியவர்களுக்கு இழுபடும் வகையை, இழுக்காமல் கட்டச் சொல்வேன். மருந்துக் கடையில் விற்கும் கிரேப் பேண்டேஜ் இதற்கு மாற்று ஆகாது.

எப்படிக் கட்டுவது?

விரல்களை அகல விரித்து வையுங்கள். கட்டி முடியும்வரை அவை விரிந்தே இருக்க வேண்டும். மூடிய விரல்களின் மேல் கட்டினால் பிறகு முஷ்டி மடக்கும்போது நெரிக்கும்.

துணியின் முனையில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டு வாருங்கள். மணிக்கட்டைச் சுற்றி மூன்று சுற்று. ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அல்ல, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடியபடி முன்கைப் பக்கமாகச் சற்று ஏற வேண்டும். பிறகு புறங்கையைக் குறுக்காகக் கடந்து முட்டிகளுக்குப் போய் அங்கே மூன்று சுற்று. இங்கே அவசரப்படாதீர்கள். துணியின் மேல் ஓரம் முட்டியைத் தாண்டி விரலின் முதல் பாகத்தில் சிறிது ஏறியிருக்க வேண்டும். முட்டிக்குக் கீழேயே நின்றுவிட்டால் முஷ்டி மடக்கியதும் துணி சரிந்து, முட்டி நான்கும் வெளியே எட்டிப் பார்க்கும்.

முட்டியிலிருந்து மணிக்கட்டுக்குத் திரும்பி, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு முறை, மறுபடி மணிக்கட்டு. மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே ஒரு முறை, மறுபடி மணிக்கட்டு. நடுவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு முறை. ஒவ்வொரு முறையும் புறங்கையில் ஒரு பெருக்கல் குறி விழும். கட்டைவிரலை அடியில் ஒரு சுற்றுச் சுற்றி மணிக்கட்டோடு பிணையுங்கள். மிச்சத் துணியை முட்டிக்கும் மணிக்கட்டுக்குமாகப் பகிர்ந்து, வெல்க்ரோவை மணிக்கட்டில் ஒட்டுங்கள்.

இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கையை விரித்தால் லேசாகப் பிடித்திருக்க வேண்டும், முஷ்டி மடக்கினால் கெட்டியாக வேண்டும். ஒரு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்கவில்லை என்றாலோ விரல் நுனி மரத்துப்போனாலோ அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். முதல் சில வாரங்கள் இதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

மோதிரம், கையில் கட்டிய கயிறு, வளையல்?

எல்லாம் கழற்றப்பட வேண்டும். விரல் வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கோயில் கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் முழங்கைப் பக்கமாக மேலே ஏற்றி விட்டுக்கொள்ளலாம். அதன் முடிச்சு கட்டுத்துணிக்கு அடியில் சிக்கினால் மணிக்கட்டு எலும்பில் பதிந்து வலிக்கும். நகங்களையும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கட்டத் தெரியவில்லை. மாட்டிக்கொள்ளும் ஜெல் உள்ளுறை போதாதா?

முட்டிக்குப் போதும். மணிக்கட்டுக்குப் போதாது. நீண்ட பட்டை வைத்துச் சுற்றும் வகையாக இருந்தால் பரவாயில்லை. கட்டக் கற்றுக்கொள்வதே மேல்.

எத்தனை அவுன்ஸ் கையுறை வாங்க வேண்டும்?

அவுன்ஸ் என்பது கையுறையின் எடை. ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம். எடை கூடினால் பெரும்பாலும் பஞ்சும் கூடும். பைக்கு மட்டும் என்றால் 60 கிலோவை ஒட்டிய உடல் எடை உள்ளவர் 12 அவுன்ஸ், 70 கிலோவைத் தாண்டியவர் 14, இன்னும் கனமானவர் 16 என்று வைத்துக்கொள்ளலாம். போட்டிகளில் 10 அவுன்ஸ் போடுகிறார்களே என்று அதை வாங்காதீர்கள். அவர்கள் அதைச் சில நிமிடங்களுக்குப் போடுகிறார்கள். நீங்கள் வாரம் முழுவதும் போடப்போகிறீர்கள்.

கட்டுத்துணியோடு போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெறுங்கைக்குச் சரியாக இருக்கும் கையுறை கட்டிய கைக்குள் நுழையாது. உள்ளே விரல்நுனிகள் மேல்முனையைத் தொட வேண்டும், முஷ்டி முழுமையாக மூட வேண்டும், கட்டைவிரல் பகுதி பிரதான உறையோடு தைக்கப்பட்டிருக்க வேண்டும். மணிக்கட்டுப் பட்டி அகலமாக இருக்க வேண்டும். கயிறு கட்டும் வகை இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கட்டிவிட இன்னொருவர் வேண்டும். தனியாகப் பயிற்சி செய்பவருக்கு வெல்க்ரோதான்.

பையில் அடித்த கையுறையோடு ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு பயிற்சிச் சண்டை, செய்யாதீர்கள். பை அதன் பஞ்சை நசுக்கிவிடும். பிறகு அடிபடுவது நண்பரின் முகம். எப்போது மாற்றுவது என்றால், முட்டிப் பகுதியை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் உங்கள் முட்டி தட்டுப்பட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

காலிப் பை வாங்கியிருக்கிறேன். மணல் நிரப்பலாமா?

வேண்டாம். கைக்காயங்களுக்கு இதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரியவில்லை. மணல் அடியில் இறங்கி இறுகும். சில வாரங்களில் பையின் கீழ்ப் பாதி சிமென்ட் தூணாகிவிடும். மேல்பாதி தொளதொளவென்று நிற்கும். நீங்கள் வயிற்று உயரத்தில் அடிக்கும் ஹூக்கும், கீழிருந்து மேல்நோக்கி அடிக்கும் அப்பர்கட்டும் போய் விழுவது அந்தக் கெட்டியான பகுதியில். மழைக்காலத்தில் ஈரம் இழுத்தால் இன்னும் மோசம்.

துணிதான் சரி. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி உண்டு: திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட். மெக்கானிக் கடைகளில் கை துடைக்க வைத்திருப்பார்களே, அதே பின்னலாடைத் துண்டுகள். மென்மையானவை, இடைவெளி விடாமல் படிபவை. வீட்டுப் பழைய துணிகளையும் போடலாம். ஆனால் ஜிப், பட்டன், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு செப்புப் பொத்தான் போதும், முட்டியைக் கிழிக்க. துணியைக் கையகலத் துண்டுகளாக வெட்டுங்கள். ஓர் அடி உயரம் நிரப்பியதும் கட்டையால் சுற்றிலும் சமமாகக் குத்தி இறக்குங்கள்; பிறகு அடுத்த அடி. முழுதாகப் போட்டுவிட்டு மேலே நின்று மிதித்தால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும்.

எடை உங்கள் உடல் எடையில் ஏறக்குறையப் பாதி இருந்தால் போதும். எடை கூட்டியே ஆக வேண்டும் என்றால், இரண்டு கிலோ மணலைக் கெட்டியான பாலித்தீன் பையில் கட்டி, அதைத் துணியில் சுருட்டி, பையின் நட்டநடுவில் ஒன்றிரண்டு வையுங்கள். சுற்றிலும் ஒரு சாண் துணியாவது இருக்க வேண்டும். ஒரு மாதம் ஆனதும் எல்லாம் கீழே இறங்கியிருக்கும். பையைத் தலைகீழாக்கி அடித்துவிட்டு மேலே துணி சேருங்கள். தினமும் தொடங்கும் முன் உள்ளங்கையால் பையை மேலிருந்து கீழ்வரை தட்டிப் பாருங்கள். எங்கே கெட்டியாக இருக்கிறதோ, அங்கே அன்று குத்தாதீர்கள்.

எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும்?

பையின் நடுப்பகுதி உங்கள் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே வரவேண்டும், மேல்முனை தலைக்கு மேலே. பை தாழ்ந்து தொங்கினால் கீழ்நோக்கிக் குத்துவீர்கள். அப்போது மணிக்கட்டு தானாக வளையும்.

வெறுங்கையால் குத்தினால் எலும்பு உறுதியாகும் என்கிறார்களே?

இதில் பாதி உண்மை இருக்கிறது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கினார். அது இன்றும் நிற்கும் கருத்துதான். ஆனால் அந்த மாற்றத்துக்கு மாதங்கள் வேண்டும். சுமை சிறிது சிறிதாக ஏற வேண்டும். ஆறிக்கொள்ள இடைவெளியும் வேண்டும். மூட்டுக் குருத்தெலும்போ அடிபட்டு அடிபட்டு உறுதியாவதில்லை, தேய்கிறது. தோல் தடித்துப்போனதைப் பார்த்து எலும்பு தடித்துவிட்டதாக நினைப்பதும் உண்டு.

1988 ஆகஸ்டில் மைக் டைசன் உலகச் சாம்பியன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மிட்ச் கிரீன் என்ற இன்னொரு வீரரோடு தெருவில் மோதியபோது அவருடைய வலது கை எலும்பு முறிந்தது. ஃபிராங்க் புருனோவுடன் நடக்கவிருந்த போட்டி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. சிறுவயதிலிருந்து பையிலேயே வளர்ந்த கை அது. கட்டும் உறையும் இல்லாதபோது அதற்கும் அந்தக் கதி. ஐம்பது தொழில்முறைப் போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காத ஃபிளாய்ட் மேவெதரும் கைக்காயங்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர்தான். உங்கள் கைக்கு விதிவிலக்கு கேட்காதீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குத்தலாம்?

முதல் மாதம்: இரண்டு நிமிட ரவுண்டுகள் மூன்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு, பாதி வலு, வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த மாதம் ரவுண்டைக் கூட்டுங்கள், வலுவை அல்ல. மூச்சும் தோளும் சில வாரங்களிலேயே தயாராகிவிடும். தசைநார் அவ்வளவு வேகமாகத் தயாராவதில்லை. கையின் வேகத்துக்குத்தான் நாம் போக வேண்டும்.

முட்டியில் தோல் உரிகிறது.

கட்டு சரிகிறது, அல்லது குத்து நேராகப் படாமல் உரசிக்கொண்டு போகிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, போவிடோன் அயோடின் களிம்பு தடவி மூடி வையுங்கள். காய்ந்து புதுத்தோல் வரும்வரை பையைத் தொடாதீர்கள். வியர்வை ஊறிய கையுறைக்குள் திறந்த புண்ணோடு கையை நுழைப்பது சீழ் பிடிக்க வைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறு உரிசலையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

கை வீங்கிவிட்டது. எண்ணெய் போட்டு நீவி விடலாமா? சுளுக்கு எடுக்கலாமா?

கூடாது. வீட்டில் பாட்டியோ பக்கத்துத் தெருச் சுளுக்கு எடுப்பவரோ எவ்வளவு அன்போடு வந்தாலும், முதல் இரண்டு நாள்கள் யாரும் அந்தக் கையை அழுத்தி நீவ அனுமதிக்காதீர்கள். உள்ளே எலும்பில் விரிசல் இருந்தால், நீவுவது அதை விலக்கிவிடும். சூடான ஒத்தடமும் அப்போது வேண்டாம், வீக்கம் ஏறும்.

பயிற்சியை உடனே நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் ஒற்றி எடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அன்று மாலையே மறுபடி குத்துவது மடமை. மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை மூடாது.

எந்த அறிகுறிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

முஷ்டியை மெதுவாக மடக்கி விரல்நகங்களைப் பாருங்கள். ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டு நின்றால், உடைந்த எலும்பு திரும்பியிருக்கலாம். அன்றே போக வேண்டும். ஒரு முட்டி மற்ற முட்டிகளைவிட உள்ளே அமுங்கியிருந்தாலும், விரல் மரத்திருந்தாலும், முஷ்டியே மடக்க முடியாவிட்டாலும் அப்படியே.

கட்டைவிரலை உயர்த்தி நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே இருக்கும் ஸ்கஃபாய்டு என்ற சிறு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. உடைந்து கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போகக்கூடும். இதில் சிக்கல் என்னவென்றால் முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதுண்டு. 'எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது' என்று வந்தபின்னும் வலி அதே இடத்தில் நின்றால், பத்துப் பதினைந்து நாளில் மறுபடி காட்டுங்கள்.

இன்னொரு காயம் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. முட்டியின் மேல் ஓடும் தசைநாணை நடுவில் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய பட்டை கிழிவது. பெரும்பாலும் நடுவிரலில் வரும். விரலை மடக்கும்போது ஒரு நரம்பு 'டக்'கென்று பக்கவாட்டில் வழுக்குவதைப் போல உணர்ந்தால் அதுவாக இருக்கலாம். முட்டி மாதக்கணக்கில் வீங்கியே இருக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அலைபவர்கள் கை அறுவை சிகிச்சையில் தேர்ந்த மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

புத்தூர் கட்டுப் போட்டால் சரியாகிவிடாதா?

தலைமுறை தலைமுறையாக நம்பிப் போகிறவர்களின் நம்பிக்கையை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் கையின் சிறு எலும்புகளில் சிறு விலகல், சிறிது திரும்பல்கூட விரலின் பிடியைக் கெடுத்துவிடக்கூடும். எந்த எலும்பு, எப்படி உடைந்திருக்கிறது என்று படத்தில் பார்த்து எலும்பு மருத்துவர் சொல்லாமல் எந்தக் கட்டும் போடாதீர்கள்.

குணமான பிறகு எப்போது பைக்குத் திரும்பலாம்?

உள்ளங்கை எலும்பு முறிவு ஒட்ட ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒட்டியது என்பது குத்தத் தயார் என்பதல்ல. மருத்துவர் அனுமதித்த பின், ஈரத் துண்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிய முடிகிறதா என்று பாருங்கள். வலியில்லாமல் முடிந்தால், முஷ்டியைத் தரையில் விரித்த பாயில் ஊன்றி முழங்காலிட்டபடி எடையைத் தாங்கிப் பாருங்கள். அதுவும் முடிந்தபின் காற்றில் குத்துவது, அதன்பின் பையைத் தொட்டுத் தொட்டு எடுப்பது, பிறகே கால்வாசி வலு. ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம். மறுநாள் காலையில் வலி இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

கையை வலுப்படுத்தத் தனிப் பயிற்சிகள் உண்டா?

உண்டு, செலவும் இல்லை. துணி பிழிவது ஒன்று. ஒரு வாளி அரிசிக்குள் கையைப் புதைத்து விரல்களை விரித்து மூடுவது இன்னொன்று. ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அதை எதிர்த்து விரிப்பது மூன்றாவது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூடும் தசைகளுக்கு நாள் முழுவதும் வேலை இருக்கிறது, விரிக்கும் தசைகளுக்கு இல்லை. இரண்டு கையிலும் தண்ணீர் நிறைந்த குடமோ கேனோ தூக்கிக்கொண்டு நடப்பதும் பிடிக்கு நல்லது.

கையுறை நாறுகிறது. துவைக்கலாமா?

தண்ணீரில் முக்காதீர்கள், பஞ்சு கெட்டுவிடும். முடிந்தவுடன் ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்து, வாயை அகலத் திறந்து மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். வண்டிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் உச்சி வெயிலில் காயப்போடுவதும் தோலைக் கெடுக்கும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் இரவுக்குள் ஈரத்தை இழுத்துவிடும். கட்டுத்துணியை ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டும். இரண்டு ஜோடி வைத்திருந்தால் மழைக்காலத்தில் தவிக்க வேண்டியதில்லை.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் கனமான பையில் குத்தலாமா?

பெரியவர்களின் பையில் வேண்டாம். அந்த வயதில் எலும்பின் முனைகளில் வளர்ச்சிப் பகுதிகள் இன்னும் குருத்தாகவே இருக்கும். அங்கே அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். மென்மையாக நிரப்பிய சிறிய பை, 6 அல்லது 8 அவுன்ஸ் கையுறை, கட்டுத்துணி, ஒரு பெரியவர் பக்கத்தில். குத்தின் வலுவைப் பாராட்டாமல், கை நேராகப் போய் நேராகத் திரும்பியதைப் பாராட்டுங்கள். கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைய பயிற்சியை அதோடு நிறுத்திவிடுங்கள்.